சுழலும் மூட்டைக் கடக்கும் மின்சாரம்: நழுவு வளையமும் உருள் வளையமும் ஒரு மதிப்பீடு

செயற்கைக்கோளின் உடல் பூமியைப் பார்த்திருக்க வேண்டும்; அதன் சூரியத் தகடுகளோ சூரியனைப் பார்த்திருக்க வேண்டும். ஒரே அச்சில் பூட்டப்பட்ட இரண்டு பகுதிகள் ஆயுள் முழுவதும் ஒன்றுக்கொன்று எதிராகத் திரும்பிக்கொண்டே இருக்க, தகட்டில் பிறக்கும் மின்சாரம் முழுவதும் அந்த மூட்டைக் கடந்துதான் உடலுக்குள் வந்தாக வேண்டும். நடுவே சாதாரணக் கம்பியைப் போட்டால், சில சுற்றுகளில் முறுக்கேறி அறுந்துவிடும். இந்த ஒரு வேலைக்காகச் செய்யப்படும் சாதனங்களில் பழையதும் பரவலானதும் நழுவு வளையம். அதன் குறைகளைத் தீர்ப்பதற்கென்று பின்னர் வந்தது உருள் வளையம். இயங்கும் பாகங்களைச் சோதிக்கும் வேலையில் இருப்பதால் இரண்டையும் வாங்குபவரின் கண்ணோடு பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. விவரத்தாள்களில் பெரிய எழுத்தில் வரும் எண்களும் உண்மையில் கவலைப்பட வேண்டிய விஷயங்களும் வெவ்வேறாக இருக்கின்றன என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மேசைமேல் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். விண்வெளிக்கான நழுவு வளையத்தை யாரும் பிரித்துப் பார்க்கத் தரமாட்டார்கள். அதே தத்துவத்தில் இயங்கும் சிறிய வகை ஒன்று, கேமரா தாங்கிகளிலும் ரோபோக்களிலும் பயன்படுவது, எளிதாகக் கிடைக்கிறது: 22 மில்லிமீட்டர் விட்டம், 12 கம்பிகள், ஒவ்வொன்றிலும் 2 ஆம்பியர். அதில் ஒன்றை வாங்கி, மெதுவாகச் சுழலும் மோட்டாரில் பூட்டிச் சில வாரங்கள் ஓடவிட்டு, பிறகு உறையைக் கழற்றிப் பார்த்தேன். நடுத்தண்டில் பொன்முலாம் பூசிய பித்தளை நிறத்து வளையங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு வளையத்தின் விளிம்பிலும் ஒரு நுண்ணிய பள்ளம். அந்தப் பள்ளத்தில் இரு பக்கமிருந்தும் மெல்லிய உலோகக் கம்பிகள் வில்போல் வளைந்து உராய்ந்துகொண்டிருந்தன. இந்தக் கம்பிகளைத்தான் தூரிகை என்கிறோம். வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே பிளாஸ்டிக் தடுப்பு ஒன்று வளையத்தைவிடச் சற்று உயர்ந்து நின்றது.

கையால் திருப்பிப் பார்க்கும்போது தடங்கல் எதுவும் தெரியவில்லை. அளக்கும் கம்பிகளின் தடை கணக்கில் சேராத நான்கு முனை முறையில் மின்தடையை அளந்தபோது, சுழலச் சுழல மதிப்பு சற்றே ஏறி இறங்கினாலும் விவரத்தாளில் சொன்ன வரம்பைத் தாண்டவில்லை. அதுவரை எல்லாம் நிறைவு. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோதுதான் வேறொன்று தெரிந்தது. பள்ளத்தின் ஓரத்திலும் தடுப்பின் அடிவாரத்திலும் கரிய நிறத்தில் ஒரு பூச்சு, மை ஒட்டியதுபோல் படிந்திருந்தது. வெள்ளை நிற ஒட்டு நாடாவை அழுத்தி எடுத்தேன். கறுப்புக் கோடு நாடாவில் வந்தது. அதைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் கோட்டுக்குள் மினுமினுப்பு இருந்தது. எண்ணெயில் குழைந்த உலோகத் தூள் அது. வளையத்திலிருந்தும் தூரிகையிலிருந்தும் தேய்ந்து வந்தது. மின்சாரத்தைக் கடத்தக்கூடியது.

இந்தக் கறுப்புக் கோட்டைத்தான் இந்தச் சாதனங்களை எடைபோடும் அளவுகோலாக நான் வைத்திருக்கிறேன். சுழலும் மூட்டில் மின்சாரத்தைக் கடத்துவது பாதி வேலை. அதுவும் சுலபமான பாதி. கடத்தும் ஒவ்வொரு சுற்றிலும் பிறக்கும் உலோகத் தூளை, நேர்முனை வளையத்துக்கும் எதிர்முனை வளையத்துக்கும் நடுவே பாலம் கட்டவிடாமல், கழற்றித் துடைக்க யாரும் வர முடியாத இடத்தில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வைத்திருப்பதுதான் மீதிப் பாதி. வாங்குபவர் அதற்குத்தான் பணம் கொடுக்கிறார்.

தரையில் இயங்கும் நழுவு வளையத்தில் கிராஃபைட் தூரிகை நன்றாக உழைக்கும். அந்த நம்பிக்கையோடு அதை வெற்றிடத்துக்குக் கொண்டுபோனால் சில மணி நேரத்தில் பொடியாகிவிடும். கிராஃபைட்டின் வழவழப்பு அதன் சொந்தக் குணம் என்று நினைத்திருந்தார்கள். காற்றிலுள்ள ஈரப்பதம் அதன் அடுக்குகளில் ஒட்டிக்கொள்வதால் வரும் குணம் அது என்பது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தெரியவந்தது. மிக உயரத்தில் பறந்த விமானங்களின் ஜெனரேட்டர் தூரிகைகள் வறண்ட, மெல்லிய காற்றில் மளமளவென்று தேய்ந்து தீர்ந்தபோது காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். விண்வெளிக்கான தூரிகைகளில் இதனால்தான் வெள்ளியோடு மாலிப்டினம் டைசல்ஃபைடைச் சேர்த்து அழுத்திச் செய்கிறார்கள். அது ஈரம் இல்லாத இடத்தில்தான் நன்றாக வழுக்கும். ஆனால் அதிலும் ஒரு வம்பு இருக்கிறது. ஏவுவதற்கு முன்னால் தரையில் மாதக்கணக்கில் சோதனை ஓட்டம் நடக்கும். ஈரக் காற்றில் அந்தத் தூரிகையை ஓட்டினால் அது விண்வெளியில் தேய வேண்டியதைவிட வேகமாகத் தரையிலேயே தேயும். வளையத்தின்மேல் தேவையற்ற படலமும் ஏறும். உலர் நைட்ரஜனில் ஓட்ட வேண்டும் என்று கையேட்டில் ஒரு வரி இருக்கும். அவசரத்தில் முதலில் மறக்கப்படும் வரி அதுதான். வாங்கிய பொருளின் ஆயுளில் ஒரு பங்கை வாங்கியவரே தரையில் செலவழித்துவிட்டு, பிறகு தயாரிப்பாளரைக் குறை சொல்வதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வகை, பொன்மேல் பொன் உராய்வது. பொன் கலந்த மெல்லிய கம்பித் தூரிகை, பொன்முலாம் பூசிய வளையம், நடுவே கண்ணுக்குத் தெரியாத அளவு எண்ணெய். மின் இரைச்சல் குறைவு என்பதால் சிக்னல்களுக்கும் சிறிய மின்னோட்டத்துக்கும் இதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். அந்த எண்ணெய் ஆவியாகாமலும், ஊர்ந்து வேறெங்கும் போகாமலும் ஆயுள் முழுவதும் இருக்க வேண்டும். எண்ணெய் போய்விட்டால் பொன்னும் பொன்னும் வெற்றிடத்தில் ஒன்றையொன்று கவ்விப் பிய்த்துக்கொள்ளும். அப்போது வரும் துகள் மெல்லிய தூளாக இராது, சிம்புகளாக இருக்கும்.

எத்தனை சுற்று தாங்கும் என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. அதற்குப் பதில், மூட்டு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து ஆயிரங்களிலிருந்து கோடிகள் வரை விரிகிறது. பூமியில் ஒரே இடத்துக்கு மேலே நிற்கும் புவிநிலைச் சுற்றுப்பாதையில் தகடு நாளுக்கு ஒரு சுற்று. பதினைந்து ஆண்டுகளுக்கும் சேர்த்துச் சுமார் 5,500 சுற்றுதான். தாழ்வான பாதையில் 92 நிமிடங்களுக்கு ஒரு முறை பூமியைச் சுற்றும் கலத்தில் ஓராண்டுக்கே 5,700 சுற்று ஆகிவிடும். முன்னதன் முழு ஆயுளும் பின்னதன் ஓராண்டும் ஏறக்குறைய ஒன்று. மைக்ரோவேவ் கதிர்வீச்சை அளக்கும் கருவிகளை எடுத்துக்கொண்டால் கணக்கே வேறு. 2014இல் ஏவப்பட்ட ஜி.பி.எம். செயற்கைக்கோளில் மழையை அளக்கும் கருவி நிமிடத்துக்கு 32 முறை சுழல்கிறது. ஆண்டுக்கு ஒரு கோடியே 68 லட்சம் சுற்று. 2015 ஜனவரி 31 அன்று ஏவப்பட்ட, மண்ணின் ஈரத்தை அளக்கும் ஸ்மாப் செயற்கைக்கோள் 6 மீட்டர் விட்டமுள்ள வலை ஆன்டெனாவை நிமிடத்துக்கு 14.6 முறை சுழற்றுகிறது. உடல் முழுவதும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 முறை சுழல, ஆன்டெனா மட்டும் பூமியை நோக்கி நிலைத்திருந்த பழைய உருளை வடிவத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களில் பத்தாண்டுக்கு 31 கோடி சுற்றுக்கு மேல் வந்தது. எனவே ‘பத்து லட்சம் சுற்று உத்தரவாதம்’ என்று ஒரு விவரத்தாள் சொன்னால் அது ஒருவருக்கு அள்ள அள்ளக் குறையாத ஆயுள். இன்னொருவருக்கு ஒரு மாதம்கூட வராது.

மின்னோட்டத்தின் பக்கம் வருவோம். விற்பனைத் தாள்களில் ‘99 சதவீதத்துக்கு மேல் செயல்திறன்’ என்ற வரி தவறாமல் இருக்கும். பொய்யில்லை; ஆனால் அதை வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. 10 மில்லிஓம் தொடு மின்தடையில் 10 ஆம்பியர் ஓடினால் இழப்பு 1 வாட். கேட்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒரு வாட் பிறக்கும் இடம் ஊசிமுனை அளவு. சுற்றிக் காற்று இல்லை. வளையத்திலிருந்து தண்டுக்கும் தண்டிலிருந்து பேரிங்குக்கும் கடத்தல் மூலமாக மட்டுமே வெப்பம் வெளியேற வேண்டும். நடுவே இருப்பதோ மின்காப்புப் பிளாஸ்டிக். அது வெப்பத்துக்கும் காப்புதான். முப்பது நாற்பது வளையங்கள் அடுக்கப்பட்டிருந்தால் நடுவிலுள்ள வளையம்தான் அதிகமாகச் சுடும். ஒரு வளையத்துக்கு இத்தனை ஆம்பியர் என்று தாளில் தனித்தனியாகக் கொடுத்திருக்கும் எண்ணை வளையங்களின் எண்ணிக்கையால் பெருக்கி மொத்தத் திறனைக் கணக்கிடுவது, புதிதாக வாங்குபவர்கள் செய்யும் தவறு. எல்லா வளையங்களும் ஒரே நேரத்தில் வெற்றிடத்தில் முழுச் சுமையைச் சுமக்கும்போது வெப்பநிலை எவ்வளவு என்று கேட்டு வாங்க வேண்டும்.

இனி, என் அளவுகோலுக்குக் காரணமான கதை. கடல்களை விண்ணிலிருந்து ஆராய்வதற்கென்று அமெரிக்கா அனுப்பிய சீசாட் என்ற செயற்கைக்கோள் 1978 ஜூன் 27 அன்று புறப்பட்டது. அலை உயரம், காற்று, கடல்மட்டம் என்று அளந்து தள்ளிய அந்தக் கலம், 105 நாட்களுக்குப் பிறகு அக்டோபர் 10 அன்று மின்சாரம் இழந்து செத்துப்போனது. சூரியத் தகட்டை உடலோடு இணைத்த நழுவு வளையத் தொகுதியில் ஏற்பட்டு நீடித்த குறுக்குச்சுற்றே காரணம் என்று விசாரணைக் குழு முடிவுசெய்தது. நேர்முனையும் எதிர்முனையும் அடுத்தடுத்த வளையங்களிலும் தூரிகைகளிலும் இருந்த அமைப்பு அது. ஒரு தூரிகை பக்கத்துத் தூரிகையைத் தொட்டிருக்கலாம், கம்பி ஒன்று தூரிகையைத் தொட்டிருக்கலாம், ஒரு துகள் கணநேரம் பாலம் கட்டியிருக்கலாம் என்ற சாத்தியங்களையே குழு முன்வைத்தது. ராடாரோ கணினியோ பழுதாகவில்லை. கலத்தின் அடித்தளம் ஏற்கெனவே பலமுறை பறந்து நிரூபிக்கப்பட்டது என்ற எண்ணத்தில் அதன் பாகங்களுக்குக் கொடுக்கப்பட்ட கவனமும் குறைந்துபோயிருந்தது என்பது அந்த விசாரணையில் வெளிவந்த இன்னொரு பாடம்.

கணநேரப் பாலம் எப்படி நிரந்தரக் குறுக்குச்சுற்றாக மாறும் என்று சிலர் கேட்பார்கள். வீட்டு மின்சுற்றில் இரண்டு கம்பிகள் தொட்டால் மின்னோட்டம் மலைபோல் எழுந்து ஃபியூஸ் போய்விடும். சூரியத் தகடு அப்படிப்பட்ட மூலமில்லை. அதைக் குறுக்கே இணைத்தாலும், வழக்கமாகக் கொடுக்கும் மின்னோட்டத்தைவிடச் சற்றே கூடுதலாகத்தான் கொடுக்கும். ஃபியூஸ் போவதற்கு அது போதாது. ஆகவே இரண்டு வளையங்களுக்கு நடுவே விழுந்த ஒரு துகள் ஆவியாகி, அந்த உலோக ஆவி வழியே மின்வில் ஒன்று, அதாவது இடைவெளியைத் தாண்டி விடாமல் எரியும் மின்பொறி, மூண்டுவிட்டால், தகடு வெயிலில் இருக்கும்வரை அதற்குத் தீனி கிடைத்துக்கொண்டே இருக்கும். மின்வில் பிளாஸ்டிக் தடுப்பைக் கருக்கும்; கருகிய பிளாஸ்டிக் கரியாகும்; கரி மின்சாரத்தைக் கடத்தும். மறுபுறம் மின்கலமும் இணைந்திருந்தால் அதுவும் சேர்ந்து கொட்டும். 28 வோல்ட்டில் இயங்கிய பழைய கலங்களைவிட 100 வோல்ட்டில் இயங்கும் இன்றைய பெரிய கலங்களில் ஆம்பியர் குறைவதால் வளையங்கள் குறையும், எடையும் குறையும். ஆனால் மூண்ட மின்வில் அணையாமல் நிற்பதற்கு உயர்ந்த வோல்ட் கூடுதல் இடம் கொடுக்கிறது.

தூள் எப்போதும் இவ்வளவு பெரிய விலையைக் கேட்பதில்லை. வியாழனுக்குச் சென்ற கலிலியோ விண்கலத்தில் ஒரு பகுதி சுழலும், இன்னொரு பகுதி நிலைத்திருக்கும். இரண்டுக்கும் நடுவே நழுவு வளையங்கள். பயணத்தின் நடுவே, கணினியை மீட்டமைக்கச் சொல்லும் பொய்யான சிக்னல்கள் சில முறை எழுந்து கலம் பாதுகாப்பு நிலைக்குப் போனது. தூரிகைத் தேய்மானத் துகள்கள் உண்டாக்கிய கசிவுதான் காரணம் என்று பொறியாளர்கள் முடிவுக்கு வந்து, அந்தச் சிக்னலைப் பொருட்படுத்தாதபடி மென்பொருளை மாற்றினார்கள். கலம் தன் வேலையைத் தொடர்ந்தது. கழற்றித் துடைக்க முடியாத இடத்தில் அழுக்கோடு வாழப் பழகிக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

உருள் வளையத்தின் யோசனை இந்த உராய்வையே ஒழித்துவிடுவது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்கள். ஒன்று சுழலும், மற்றது நிற்கும். இரண்டின் எதிர் எதிர் முகங்களிலும் பள்ளம். நடுவிலுள்ள இடைவெளியில் மோதிரம்போன்ற மெல்லிய வளையம் ஒன்றைச் சற்றே நசுக்கிச் செருகிவிடுகிறார்கள். பெரும்பாலும் பொன்முலாம் பூசிய பெரிலியம் செம்பு. வில்விசையால் அது இரு பக்கமும் அழுத்திக்கொண்டு நிற்கும். தண்டு சுழலும்போது பந்துபோல் உருண்டு கூடவே வரும். தேய்ப்பதற்குப் பதில் உருள்வதால் தூள் மிகக் குறைவு. சுழற்றத் தேவையான விசையும் குறைவு. அதிக மின்னோட்டத்துக்கு ஒரே பள்ளத்தில் பல மோதிரங்களைப் போட்டு, அவை ஒன்றையொன்று உரசாமல் இருக்க நடுவே சிறு உருளைகளை வைக்கிறார்கள். ஸ்பெரி நிறுவனத்தில் உருவாகி, 1986இல் அதன் விண்வெளிப் பிரிவு ஹனிவெல் கைக்கு மாறிய பிறகு முழுவளர்ச்சி பெற்ற தொழில்நுட்பம் இது.

இதன் உரைகல் பன்னாட்டு விண்வெளி நிலையம். நிலையத்தின் இரு பக்கமும் மூன்று மீட்டருக்கு மேல் விட்டமுள்ள பெரிய சுழல் மூட்டு ஒவ்வொன்று இருக்கிறது. ஒவ்வொரு மூட்டும் நான்கு சூரியச் சிறகுகளைச் சுமந்துகொண்டு பூமியைச் சுற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு முழுச் சுற்று திரும்பும். நிலையத்துக்குக் கிடைக்கும் மின்சாரம் 84 முதல் 120 கிலோவாட் என்று நாசா சொல்கிறது. ஒரு பக்கத்துக்கு 60 கிலோவாட் என்று வைத்துக்கொண்டு, 160 வோல்ட்டால் வகுத்தால் 375 ஆம்பியர். இதை ஒரே தொடர்பின் வழியே, அதுவும் வெறும் 1 மில்லிஓம் மின்தடையில் அனுப்பினால்கூட 140 வாட் வெப்பம் ஓரிடத்தில் எழும். பல வளையங்களுக்கும் பல மோதிரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பதன் தேவை இந்தக் கணக்கிலிருந்தே புரியும். மூட்டின் நடுவே இருக்கும் உருள் வளையத் தொகுதி அந்தச் சுமையைத் தாங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உழைத்துவருகிறது.

அதே மூட்டில் 2007இல் ஒரு கோளாறு வந்தது. வலப்பக்க மூட்டு அதிர்ந்தது. அதைச் சுழற்றும் மோட்டார் வழக்கத்தைவிட அதிக மின்னோட்டம் எடுத்தது. அக்டோபர் 28 அன்று விண்நடையில் சென்ற டேனியல் டானி உறையைத் திறந்து பார்த்தபோது உள்ளே உலோகச் சீவல்கள் பரவிக் கிடந்தன. ஒட்டு நாடாவால் மாதிரி எடுத்துவந்தார். மேசைமேல் நான் செய்ததையே பூமிக்கு மேலே சுமார் 350 கிலோமீட்டர் உயரத்தில் அவர் செய்திருக்கிறார் என்று அன்று படித்தபோது தோன்றியது. பழுது மின்சாரம் கடத்தும் பகுதியில் இல்லை. மூட்டைத் தாங்கும் உருளைகளின் மேலிருந்த பொன் பூச்சு போதிய வழுவழுப்பைத் தராமல், பெரிய எஃகு வளையத்தின் பரப்பு உரிந்திருந்தது. ஏறத்தாழ ஓராண்டு அந்த மூட்டைப் பெரும்பாலும் அசையாமல் நிறுத்தி வைத்தார்கள். 2008 நவம்பரில் வந்த வீரர்கள் வளையத்தைத் துடைத்து, கிரீஸ் பூசி, பன்னிரண்டு தாங்கு உருளைத் தொகுதிகளில் பதினொன்றை மாற்றிய பிறகு மீண்டும் சுழன்றது. உருள் வளையத்துக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டியதில்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். மின்தொடர்பு நன்றாக இருந்தும் பேரிங் கெட்டதால் தகடு திரும்பவில்லை என்றால், வாங்கியவருக்குக் கிடைத்தது அரைகுறை மின்சாரம்தான். வளையத்தையும் பேரிங்கையும் வெவ்வேறு பொருளாகப் பார்த்து மதிப்பிடுவது காகிதத்தில் மட்டுமே செல்லும்.

உருள் வளையத்தின் குறைகள்: பாகங்கள் அதிகம், இடம் அதிகம், செய்பவர்கள் குறைவு. மோதிரம் ஒன்று உடைந்தால் வருவது தூளாக இராது. உலோகத் துண்டாக இருக்கும். நாளுக்கு ஒரு சுற்று திரும்பும் சிறிய செயற்கைக்கோளுக்கு இதை வாங்குவது கொசுவை அடிக்கக் கோடாலி எடுப்பதுபோல.

சுழற்சிக்கு எல்லை போட முடிந்தால் இரண்டுமே வேண்டாம். சுருள்போல் சுற்றிய நாடாக் கம்பி, ஒரு பக்கம் திரும்பும்போது இறுகும், மறுபக்கம் திரும்பும்போது தளரும். உராய்வு இல்லை, தூள் இல்லை, மின் இரைச்சல் இல்லை. வியாழன் தொலைவுவரை சூரிய மின்சாரத்தையே நம்பிப் போன, வால்மீனை ஆராயும் ரோசெட்டா விண்கலத்தின் தகடுகள் இரு பக்கமும் 180 பாகை மட்டுமே திரும்பின. அதற்கு இந்த முறையே போதுமானதாக இருந்தது. விண்வெளி நிலையத்தில்கூட வெப்பம் வெளியேற்றும் தகடுகளின் மூட்டு இரு பக்கமும் 105 பாகைதான் திரும்பும். அமோனியா ஓடும் குழாய்களை வளைந்துகொடுக்கும்படி செய்து சமாளித்துவிட்டார்கள். தாழ்வான பாதையில் ஒவ்வொரு சுற்றிலும் கலம் பூமியின் நிழலில் இருக்கும் அரைமணி நேரத்தில் தகட்டைப் பின்னோக்கித் திருப்பி முதல் நிலைக்குக் கொண்டுவர முடியுமா என்று பயணத் திட்டம் போடுபவரிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் நழுவு வளையத்தின் விலையைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. கம்பி ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர்வதால் வரும் களைப்பைச் சோதித்துக்கொண்டால் போதும்.

தொடாமலே கடத்தும் சுழல் மின்மாற்றியைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பழைய வீடியோ கேசட் கருவியின் சுழலும் தலையிலிருந்து சிக்னல் வெளியே வந்தது இந்த முறையில்தான். சிக்னலுக்கும், வேகமாகச் சுழலும் கருவிக்கான சிறிய மின்சாரத்துக்கும் அருமையானது. சூரியத் தகட்டின் முழுத் திறனுக்கென்றால் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கி, கடத்தி, மறுபடி நேர்மின்சாரமாக்க வேண்டும். இரண்டு மாற்றிகளின் எடையும் வெப்பமும் மூட்டின் தலையில் ஏறும். தேய்மானத்தை விற்று எலெக்ட்ரானிக்ஸ் பழுதை வாங்கும் பேரம் அது. திரவ உலோகமும் பேசப்பட்டதுண்டு. காலியம் 30 பாகைக்குச் சற்றுக் குறைவான வெப்பநிலையிலேயே உறைந்துவிடும், அலுமினியத்தை அரித்துத் தின்னும். பாதரசத்தை விண்கலத்தின் அருகில் வைக்கவே யாரும் விரும்பமாட்டார்கள். அதைக் கடந்துவிடுவோம்.

பெரிய அளவில் இந்த மூட்டு என்ன பாடுபடுத்தும் என்பதற்கு ஒரு கணக்கு. விண்வெளியிலிருந்து பூமிக்குச் சூரிய மின்சாரம் அனுப்பும் யோசனையைப் பொறியாளர் பீட்டர் கிளேசர் 1968இல் முன்வைத்தார். 1970களின் இறுதியில் அமெரிக்க எரிசக்தித் துறையும் நாசாவும் வரைந்த மாதிரியில் ஒரு செயற்கைக்கோள் 5 ஜிகாவாட் தர வேண்டும். தகடு சூரியனைப் பார்க்க, ஒரு கிலோமீட்டர் அகல ஆன்டெனா பூமியைப் பார்க்க, நடுவே சுழல் மூட்டு. 40,000 வோல்ட்டில் கடத்துவதாக வைத்தாலும் 1,25,000 ஆம்பியர் அந்த மூட்டைத் தாண்ட வேண்டும். பின்னர் வந்த வரைவுகள் பலவற்றில் கண்ணாடிகளைத் திருப்பி வெயிலை மட்டும் வளைத்து, மின்சாரம் எந்த மூட்டையும் கடக்காதபடி செய்யப் பார்த்திருப்பது தற்செயலில்லை.

ஆகவே, என் தேர்வு இப்படி அமைகிறது. புவிநிலைப் பாதைக்கு, வெள்ளி கலந்த தூரிகை கொண்ட சாதாரண நழுவு வளையம் தாராளமாகப் போதும். பல்லாயிரம் சுற்றுகளும் நூற்றுக்கணக்கான ஆம்பியரும் சேர்ந்து வரும் இடத்தில் உருள் வளையத்தின் விலைக்கு அர்த்தம் இருக்கிறது. வேகமாகச் சுழலும் கருவிக்கு, பொன் தூரிகையும் அதை அதே வேகத்தில் வெற்றிடத்தில் ஓட்டிப் பார்த்த சோதனை அறிக்கையும் சேர்ந்து வந்தால் மட்டுமே வாங்குவேன்.

எதை வாங்கினாலும் நான் முதலில் கேட்பது, எந்த வளையம் எந்த முனையைச் சுமக்கிறது என்று காட்டும் வரிசைப்படம். நேர்முனை வளையங்கள் ஒரு முனையில், எதிர்முனை வளையங்கள் மறுமுனையில், நடுவே ஒன்றுக்கும் இணைக்காத வெற்று வளையங்கள், சிக்னல் வளையங்கள் தனியே என்று இருக்க வேண்டும். தடுப்பின் உயரமும், தூள் தங்குவதற்கு விட்ட இடமும் அளவோடு குறிக்கப்பட்டிருக்க வேண்டும். கடைசியாக ஒரு தயாரிப்பாளரிடம் இதைக் கேட்டபோது முதலில் ஆம்பியர் அட்டவணை வந்தது. திரும்பக் கேட்டபோது செயல்திறன் வரைபடம் வந்தது. மூன்றாம் முறை கேட்டபிறகு வந்த வரிசைப்படத்தில் ஏழாம் வளையம் நேர்முனை, எட்டாம் வளையம் எதிர்முனை; இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு தடுப்பு. கம்பிகளை மாற்றி இணைக்க முடியுமா என்று கேட்டேன். முடியும், கூடுதல் செலவு எதுவுமில்லை, இதுவரை யாரும் கேட்டதில்லை என்று பதில் வந்தது.